மீன் ஐஸ்

ஏழு நிமிஷம். அமிர்தநாயகம் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மருமகள் டினோஜா அந்த அறைக்குள் போனபோது எட்டேகால். வெளியே வந்தபோது எட்டு இருபத்திரண்டு. பேசாலைக் கரையில் ஒரு கூடை சூடை மீனைக் கொட்டித் தெரிந்து பிரிக்கவே அதைவிடக் கூட நேரம் எடுக்கும். ஒரு மனுசியின் இரண்டு வருச வருத்தத்தை ஏழு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டார்கள்.

“என்ன கேட்டவை பிள்ளை?”

“கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னவர், பிடிச்சனான். காலைத் தூக்கச் சொன்னவர், தூக்கினனான். கதிரையாலை எழும்பச் சொன்னவர், எழும்பினனான்.” டினோஜா சிரிக்கப் பார்த்தாள். “‘நல்லாத்தானே இருக்கிறீங்கள் டீச்சர்’ எண்டார்.”

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது ‘நல்லாத்தானே இருக்கிறீங்கள்’ என்று சொன்னால் ஏதோ ஒன்றைத் தராமல் விடப்போகிறார்கள் என்றுதான் அர்த்தம். எழுபத்துமூன்று வயதில் அவருக்கு இவ்வளவாவது தெரியும்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. ‘கடமைக்குத் தகுதியானவர்.’

டினோஜா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. எட்டு வருசம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டாள் என்று கல்விக் கந்தோர்காரர் அவளைக் கொண்டச்சிக்கு மாற்றியிருந்தார்கள். பேசாலையிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து அங்கே இன்னொரு பஸ். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம், வழி முழுக்க வெயில். இந்த வருத்தத்தோடு முடியாது என்று அவள் எழுதிக் கேட்டபோது, வைத்தியர் குழு சொல்லட்டும், நிறுத்துகிறோம் என்றார்கள். குழு சொல்லிவிட்டது. யூன் முதலாந் திகதி கொண்டச்சியில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். பதினொரு வருசம் படிப்பித்த வேலை.

“இன்னொருக்கா வாசி,” என்றார் அமிர்தநாயகம்.

அவள் இன்னொரு தரம் வாசித்தாள். குரல் ஆடவில்லை. அதுதான் அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அவர் ஐந்தாம் வகுப்போடு கரைவலைக் கயிற்றைப் பிடித்தவர். சீல் குத்திய கடதாசி எதையும் அவர் நம்பியதில்லை. சண்டைக் காலத்தில் பாஸ் என்று ஒரு கடதாசி, மண்டபம் அகதி முகாமில் பதிவு என்று ஒரு கடதாசி, திரும்பி வந்த பிறகு காணி என்று ஒரு கடதாசி. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவன் அவரைப் பார்க்காமலே அவரைப் பற்றி எழுதியிருந்தான்.

வருத்தத்தின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அது அவருடைய நாக்கில் இன்றுவரை ஏறவில்லை. நரம்பு வருத்தம் என்பார். முதலில் அவளுக்கு ஒரு கண் மங்கியது. பிறகு வலது கால் இழுபட்டது. மகன் றெனால்ட் கட்டாரிலிருந்து லீவில் வந்து கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்கான் எடுத்தான். மூளையிலிருந்து கைகாலுக்குப் போகிற நரம்புக்கு, வயருக்கு மேலே இருப்பதுபோல ஒரு உறை இருக்கிறதாம். உடம்பே அந்த உறையை அரிக்கிறதாம். உறை போன இடத்தில் கொஞ்ச நேரம் கரண்ட் ஓடும். வேலை கூடினாலோ சூடு ஏறினாலோ நின்றுவிடும். ஆறவிட்டால் திரும்ப ஓடும். கொழும்பு டொக்டர் இப்படித்தான் விளங்கப்படுத்தினார் என்று றெனால்ட் சொன்னான். சொல்லிவிட்டுக் கட்டாருக்குத் திரும்பிப் போய்விட்டான்.

உண்மையைச் சொன்னால், அமிர்தநாயகமும் நம்பவில்லை.

எப்படி நம்புவது? காலமை அவள் தேங்காய் துருவுவாள், புட்டு அவிப்பாள், சாறி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். இரண்டு மணிக்கு வந்தால் சாறியும் மாற்றாமல் சீமெந்து நிலத்தில் அப்படியே கிடப்பாள். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பாள். காலமை ஏலும், பின்னேரம் ஏலாது என்றால் அது என்ன வருத்தம்? காய்ச்சல் நேரம் பார்த்தா வரும்? பெண்சாதி உயிரோடு இருந்திருந்தால் அவருடைய வாயை அடைத்திருப்பாள். அவள் போய் நாலு வருசம். ஆகவே அவர் பக்கத்து வீட்டு மேரி ரோஸிடம் வேலிக்கு மேலால் சொன்னார்:

“என்ரை மருமகள் காலமை டீச்சர், பின்னேரம் பெரிய நோனா.”

மேரி ரோஸ் அதைக் கரையில் மீன் விற்கிற வாடி வரைக்கும் கொண்டுபோனாள். ஒரு மாதத்தில், ஏதோ வேலை செய்யாத துரைசானி மாதிரி, ஊரே டினோஜாவைப் பெரிய நோனா என்றது. அது அவளுடைய காதிலும் விழுந்தது. அவள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானத்தில் படுப்பதற்கு முன் கதவைச் சாத்தத் தொடங்கினாள், அவ்வளவுதான்.

அவருடைய கண்ணைத் திறந்தது டொக்டர் இல்லை, கடதாசியும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் பைப்படியில் குடம் நிரம்பும்வரை நின்றாள். வெறுமனே நின்றாள். அவளுடைய வலது தொடை நடுங்கியது, பாவாடைத் துணி துடித்தது. அமிர்தநாயகத்துக்கு அந்த நடுக்கம் தெரியும். நாற்பது வருசம் கரைவலை இழுத்தவர். பாரமான வலை, நீரோட்டம் எதிர்ப்பக்கம், நாலு மணித்தியாலம் கயிறு இழுத்து மடி கரைக்கு வருகிற நேரத்தில் ஆம்பிளைக்கு அந்த நடுக்கம் வரும். தொடை சொன்ன பேச்சுக் கேட்காது. விரலை விரிக்க மற்றக் கையால் பிடித்து விரிக்க வேண்டும். அதை யாரும் நடிக்க முடியாது, நடிக்க முயன்றவர்களை அவர் கரையில் பார்த்திருக்கிறார். நாலு மணித்தியாலம் வலை இழுத்தவனுக்கு வருகிற நடுக்கம், குடத்துக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு வந்திருந்தது.

அவர் போய்க் குடத்தைத் தூக்கினார். “போய்ப் படு,” என்றார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வருவதில்லை.

அதற்குப் பிறகுதான் ஐஸ் தொடங்கியது. சூடு ஆகாது, குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்று கொழும்பு டொக்டர் சொன்னதில் அவருக்கு விளங்கிய ஒரே விசயம் அதுதான். மீனுக்கும் அதுதானே. வாடியிலிருந்து உடைத்த ஐஸ் கொண்டுவந்து, துவாயில் சுற்றிக் கழுத்திலும் மணிக்கட்டிலும் வைத்தால் முக்கால் மணித்தியாலத்தில் அவள் எழுந்து உட்காருவாள். “மாமா, நான் என்ன அறக்குளா மீனா?” என்று கேட்பாள்.

“அறக்குளா இவ்வளவு கதைக்காது.”

ஆகவே குழுவுக்குப் போன அன்றும் அவர் ஐஸ் கொண்டுபோனார். திருநாளுக்குப் போவதுபோல் ஆயத்தம். முதல் நாள் அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. வெயில் ஏற முன்னம் போக வேண்டும் என்று தாராபுரத்துப் பாயிஸின் ஓட்டோவை ஐந்தரைக்கு வரச் சொன்னார். மீன் போடுகிற றெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ். ஆஸ்பத்திரி மர வாங்கில் இருந்த இரண்டு மணித்தியாலமும் துவாயை நனைத்து நனைத்து அவளுடைய கழுத்தில் போட்டார். பூசைக்குக் கட்டுகிற சாறி, வாரிப் பின்னிய தலை. எட்டேகாலுக்குக் கூப்பிட்டபோது அவள் நிமிர்ந்து நடந்து உள்ளே போனாள். அதைப் பார்த்து அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடிதம் வந்த அன்று பாயிஸ் வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டுக் கேட்டான்:

“டீச்சருக்குக் கிடைச்சிட்டுதா ஐயா?”

“தகுதியாம். நல்ல சுகமாம். கண்ணில்லாத நாய்கள்.”

பாயிஸ் தலையைச் சொறிந்தான். “கோவிக்காதையுங்கோ. நீங்கள் அண்டைக்குப் போட்ட ஐஸுக்குச் செத்த மீனே ரெண்டு நாள் முழிச்சுப் பாக்கும். டீச்சர் பாக்க மாட்டாவா?”

அமிர்தநாயகம் அவனை அடிக்கத்தான் கையை ஓங்கினார். கை பாதியில் நின்றுவிட்டது. உள்ளே டினோஜா இருந்தாள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது முதலே விளங்கியிருந்தது. சொல்லவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“நீங்கள் எனக்காகத்தானே செய்தனீங்கள்.”

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவர் அன்று முழுக்க முற்றத்தில் நடந்தார். ஒரு பெண்ணைக் குளிர வைத்துக் கொண்டுபோனது பிழை. வெயிலில் வாட்டிக் கொண்டுபோயிருக்க வேண்டும். விழுத்திக் காட்டினால்தான் விழுவாள் என்று எழுதுவார்கள். இது என்ன நியாயம்? தண்ணீருக்குள் பிடித்து அமுக்கி, மூச்சு முட்டுகிறதா என்று பார்த்து எழுதுகிற சாதி.

அடுத்த நாள் கந்தோருக்குப் போனார். ஒருக்கா எழுதினது எழுதினதுதான் என்றார்கள். அதற்கு அடுத்த நாளும் போனார். வாசலில் அவர்கள் கால் வைக்கிற படியிலேயே இருந்தார். மூன்றாம் நாள், படியிலிருந்து அவரை எழுப்ப வேறு வழியில்லாமல், மறுபரிசீலனை என்று ஒரு திகதி தந்தார்கள். மே மாதம் இருபத்தோராந் திகதி, காலை பதினொரு மணி.

“இந்த முறை ஐஸ் வேண்டாம் மாமா,” என்றாள் டினோஜா. “பஸ்ஸிலையே போவம்.”

“உன்னைக் கருவாடு போடச் சொல்லுறியோ?”

“கொண்டச்சிக்குப் போனா ஒவ்வொரு நாளும் அதுதானே. ஒரு நாள் அவையும் பாக்கட்டும்.”

“விழுந்தியெண்டா?”

“விழுந்தா எழுதுவினம்.”

போகிற அன்று காலமை அவர் பெட்டியில் ஐஸ் போட்டார். அவள் பார்த்தாள். “தொடமாட்டன். மூடியே வச்சிருக்கிறன்,” என்றார். “திரும்பி வரேக்கை வேணும்.”

பஸ்ஸில் டவுன்வரை இடம் கிடைக்கவில்லை, நின்றுதான் போனாள். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். மதில் நிழலில் கழுதைகள் நின்றன. அவற்றுக்கு இருக்கிற புத்திகூடத் தங்களுக்கு இல்லை என்று அவர் நினைத்தார். பதினொரு மணி என்றவர்கள் பதினொரு மணிக்குக் கூப்பிடவில்லை. பன்னிரண்டுக்கும் கூப்பிடவில்லை. தகரக் கூரை போட்ட விறாந்தை, காற்று இல்லை. வாங்கில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். பெயர் கனகசிங்கம், பெரியமடு. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. ஷெல்லில் போனதாம்.

“நீங்கள் எதுக்கு வந்தனீங்கள்?” என்று அமிர்தநாயகம் கேட்டார்.

“வருசா வருசம் வரவேணும் அண்ணை. கால் இன்னும் முளைக்கேல்லை எண்டு காட்டவேணும்.”

அவர் சிரிக்காமல் சொன்னார். அமிர்தநாயகமும் சிரிக்கவில்லை. டினோஜாதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் அன்றைக்கு அவளிடம் இருந்த கடைசிச் சிரிப்பு. பன்னிரண்டரைக்கு அவளுடைய தலை சுவரில் சாய்ந்தது. மருத்துவக் கடதாசிகள் இருந்த கோப்பு மடியிலிருந்து நழுவியது, அவள் அதைப் பிடிக்கவில்லை. பெட்டியை அவர் காலுக்கு இடையில் இறுக்கி வைத்துக்கொண்டார். மூடியின் மேலே கையை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

ஒன்று பத்துக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழும்பப் பார்த்தாள், எழும்ப முடியவில்லை. அவர் ஒரு பக்கமும் கனகசிங்கம் தன் ஊன்றுகோலோடு மற்றப் பக்கமுமாகத் தூக்கி நிறுத்தினார்கள். வலது கால் நிலத்தை வழித்துக்கொண்டு போனது. வெளியே நில்லுங்கள் என்று சொன்ன ஊழியரின் பேச்சை அமிர்தநாயகம் கேட்கவில்லை. பெட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மேசைக்குப் பின்னால் அதே டொக்டர், பக்கத்தில் கந்தோரிலிருந்து வந்த ஒரு அம்மா. டொக்டர் கை நீட்டினார். “இறுக்கிப் பிடியுங்கோ டீச்சர்.” அவள் பிடித்தாள். அது பிடியே இல்லை, விரல்கள் சும்மா கிடந்தன. காலைத் தூக்கச் சொன்னார். கால் ஒரு விரற்கடை எழும்பி விழுந்தது.

கந்தோர் அம்மா பழைய தாளைப் புரட்டினாள். “போன முறை எல்லாம் நல்லா இருந்திருக்கு டொக்டர். இந்த முறை ஒண்டும் ஏலாது எண்டுறா. தகுதி எண்டு எழுதின பிறகுதான் இப்பிடி. இதிலை எதை நம்புறது?”

“ரெண்டையும் நம்புங்கோ,” என்றார் அமிர்தநாயகம்.

“நீங்கள் ஆர்?”

“மாமன். அவளை முதல் நம்பாத ஆள் நான்தான், உங்களுக்கு முதல். அதாலைதான் சொல்லுறன், ரெண்டும் உண்மை. போன முறை ஐஸ் வச்சுக் கொண்டு வந்தனான். இந்த முறை வைக்கேல்லை.”

அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். “ஐயா, வெளியிலை இன்னும் பத்துப் பேர் இருக்கினம்.”

“பாருங்கோ. ஆர் வேண்டாம் எண்டது? நாங்கள் இந்த மூலையிலை இருக்கிறம்.”

அவர் ஒரு கதிரையை இழுத்து மூலையில் போட்டார். டினோஜாவை அதில் இருத்தினார். பெட்டியின் மூடியைத் திறந்தார். துவாயை நனைத்துப் பிழிந்து கழுத்தில் சுற்றினார். ஐஸைத் துணியில் கட்டி மணிக்கட்டுகளில் வைத்தார். நிலத்தில் தண்ணீர் ஓடியது. கந்தோர் அம்மா மூக்கைச் சுளித்தாள்.

“மீன் மணக்குது.”

“மீன் ஐஸ்தான். ஆஸ்பத்திரியிலை வேறை ஐஸ் இருந்தா தாங்கோ, மாத்துறன்.”

ஒருவரும் தரவில்லை. ஊழியர் அவரைப் பிடிக்க வந்தார். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த மனுசன் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அமிர்தநாயகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியும், ஆனால் அகப்பட்டவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கனகசிங்கம் வந்து, கால் முளைக்கவில்லை என்று காட்டிவிட்டுப் போனார். ஒரு தாயும் பிள்ளையும் வந்தார்கள். கண் தெரியாத ஒருவர் வந்தார். தண்ணீர் மேசைக் காலடிவரை போயிருந்தது. டொக்டர் தன் சப்பாத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினார். நாற்பது நிமிஷம் அப்படிப் போனது. டினோஜாவின் முகத்தில் நிறம் திரும்பியது. அவள் தானாகவே துவாயைக் கழற்றினாள்.

“இப்ப பிடிச்சுப் பாருங்கோ டொக்டர்,” என்றார் அமிர்தநாயகம். “ஆனா ஒருக்காப் பிடிச்சுட்டு விடாதையுங்கோ. ஒரு இழுவையிலை வலை வராது. திரும்பத் திரும்பக் கேளுங்கோ.”

டொக்டர் எழுந்து வந்தார். கை நீட்டினார். அவள் பிடித்தாள். அவருடைய புருவம் உயர்ந்தது. “இன்னொருக்கா. இன்னொருக்கா.” பிறகு காலைத் தூக்கச் சொல்லி எண்ணினார். ஐந்துவரை நேராக வந்தது. ஆறாவது பாதியில் நின்றது. எட்டாவதில் தொடை துடித்தது. பத்தைச் சொன்னபோது கால் அசையவேயில்லை. அவள் முழு மனதோடு தூக்குகிறாள் என்பது அவளுடைய கழுத்து நரம்பைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

டொக்டர் மேசைக்குப் போய்க் கோப்பைத் திறந்தார். முதல் தாள், இரண்டாம் தாள், மூன்றாம் தாள். கொழும்பு டொக்டரின் கடிதம் அங்கேதான் இருந்தது, போன முறையும் அங்கேதான் இருந்தது. நின்றபடியே அவர் அதை முழுவதும் வாசித்தார்.

“இதிலை எல்லாம் எழுதியிருக்கு,” என்றார் மெதுவாக.

“ஓம். அவள் போன முறையும் அதைத்தான் கொண்டு வந்தவள்,” என்றார் அமிர்தநாயகம்.

அவர் எழுதினார். இடமாற்றம் நிறுத்தலாம். உள்ளூர்ப் பள்ளிக்கூடம். காலமைப் பாடங்கள் மட்டும். கந்தோர் அம்மா ஒரு வரி சேர்த்தாள், டொக்டர் அதை வெட்டவில்லை: ஒரு வருசம். அதன் பிறகு திரும்பவும் குழுவுக்கு முன் வர வேண்டும்.

“ஒரு வருசத்திலை அந்த உறை முளைக்குமோ அம்மா?” என்று அமிர்தநாயகம் கேட்டார். “வெளியிலை ஒருத்தருக்குக் கால் முளைக்கேல்லை.”

“அது நடைமுறை ஐயா.”

“ஓம், நடைமுறை. நடக்கேலாதவையைத்தான் நடக்க வைக்கிறியள்.”

டினோஜா அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்தாள். பத்து நிமிஷத்துக்கு முன் அந்த இழுவைக்கு இருந்திருக்கக்கூடிய பலம் இப்போது இல்லை. ஆனாலும் அவர் திரும்பினார்.

திரும்பிப் போகப் பாயிஸ் வந்திருந்தான். டினோஜா ஓட்டோவுக்குள் ஏறியதும் நித்திரையாகிவிட்டாள். கடதாசிக் கோப்பை அமிர்தநாயகம் மடியில் வைத்துக்கொண்டார்.

“வெண்டிட்டீங்கள் ஐயா,” என்றான் பாயிஸ்.

“என்ன வெற்றி? ஒரு பிள்ளையை அரைநாள் வாட்டி எடுத்த கடதாசி இது. அடுத்த வருசம் திரும்ப வாட்டவேணும்.” கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னார்: “அப்ப ரெண்டு பெட்டி ஐஸ் கொண்டு போவம்.”

“ஏன் ரெண்டு?”

“ஒண்டு இவளுக்கு. மற்றது அவையின்ரை தலையிலை வைக்க.”

வீட்டு வாசலில் மேரி ரோஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். டினோஜாவைத் தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்த நேரம். மேரி ரோஸுக்குப் பழக்க தோசம்.

“என்ன, பெரிய நோனா வந்திட்டாவோ?”

டினோஜா தலையைக் குனிந்தாள். அமிர்தநாயகம் அவளைப் பாயிஸின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு வேலியடிக்குப் போனார். றோட்டில் மீன் கூடையோடு இரண்டு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

“மேரி ரோஸ், அந்தப் பேரை வச்சது நான். அந்தப் பிள்ளைக்கு உண்மையா ஏலாது. எனக்கு அப்ப விளங்கேல்லை, நான் சொன்னது பொய். நீ அதை வாடி வரைக்கும் கொண்டு போனனீ. இதையும் கொண்டு போ.”

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் துவாயை நனைத்தார்.